பலிபீடத்தின் பிசுக்கு

லுத்தரன் சபை தொடங்கிய அறுபத்திரண்டாம் வருடத்தில், புதிய வழிபாட்டுப் புத்தகத்தைப் பார்த்து முதன்முதலாகப் பாவ அறிக்கை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே காலுக்குப் பலிபீடத்திலிருந்து பிசுக்கு வடியத் தொடங்கியது. எண்ணெய்ச் சட்டி கழுவிய தண்ணீரின் நிறம், சளியின் கெட்டி, காயாமல் சுருட்டி வைத்த ஈரத்துணியின் வாடை. அன்றைக்கு ஒரு கரண்டி அளவுதான் வந்தது. ஆறு மாதத்தில் வாரத்துக்கு இரண்டு வாளி ஆனது. கூரை ஒழுகுவதாகக் கட்டடக் குழு குறிப்பு எழுதியது. அந்த வருடம் மழையே பெய்யவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வழிபாட்டுப் புத்தகத்தை அச்சுக் கோத்தவர் பாவ அறிக்கைப் பக்கத்துக்கு வந்தபோது அவருடைய எழுத்துப் பெட்டியில் ‘ங்’ தீர்ந்துபோயிருந்தது. சபையார் கடவுளிடம் பேசும்போது ‘நாங்கள்’, ‘எங்களை’, ‘எங்களுக்கு’ என்று வரிக்கு வரி அந்த எழுத்தைச் செலவழிப்பார்கள். அவர் யோசித்துப் பார்த்து ‘நாங்கள்’ வந்த இடமெல்லாம் ‘நாம்’ என்றும், ‘எங்களை’ வந்த இடமெல்லாம் ‘நம்மை’ என்றும் கோத்துவிட்டார். நாங்கள் என்றால் கேட்கிறவர் சேர்த்தி இல்லை. நாம் என்றால் அவரும் சேர்த்தி. பாவ அறிக்கையைக் கேட்கிறவர் கடவுள். ‘ஆண்டவரே, நாம் பாவம் செய்தோம், நம்மை மன்னியும்’ என்று இருநூறு பேர் கணீரென்று வாசித்ததில் அவரும் பாவிகளோடு பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. மன்னிக்கிற இடம் காலியானதால், சொன்ன பாவங்கள் போக வழியில்லாமல் கட்டடத்துக்குள்ளேயே தங்கின.

அச்சுக் கோத்தவர் மனசாட்சி உள்ளவர். ‘ங்’ வாங்கிய அன்றே, ‘நாங்கள்’ என்று துண்டுச் சீட்டு அடித்து, பசைச் சட்டியோடு சபைக் காரியதரிசியின் வீட்டுக்குப் போனார். “தப்பு என்னோடதுதான் சார். ஒரு மணி நேரத்துல எல்லாப் புத்தகத்திலயும் ஒட்டிக் குடுத்துடறேன்” என்றார். காரியதரிசி ஓய்வுபெற்ற தமிழாசிரியர். புரூப் திருத்தியவர் அவர்தான். “நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்த புத்தகம்யா அது. அதுல தப்புன்னு எவனும் சொல்லக் கூடாது” என்று அவரைப் பசைச் சட்டியோடு வெளியே அனுப்பினார். அதோடு விடாமல், ‘நாம்’ என்பதே சரி என்று நிறுவிப் பதினாறு பக்கத்தில் ஒரு சிறு நூலும் எழுதினார். அதைப் படித்தவர்கள் நாம் கட்சியானார்கள். படிக்காதவர்கள் நாங்கள் கட்சியானார்கள். இரண்டு கட்சியும் நடுப்பாதைக்கு இரண்டு பக்கமும் பிரிந்து உட்கார்ந்து, போட்டி போட்டுக்கொண்டு கத்தி வாசித்தன. பிசுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பாய்ந்தது. போதகர் இந்தக் கட்சிக்கும் தலையாட்டினார், அந்தக் கட்சிக்கும் தலையாட்டினார். பிசுக்கில் வழுக்காமலிருக்க மழைக்கால ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பிரசங்க பீடம் ஏறினார்.

இதை எழுதும்போதே குமட்டுகிறது. ஆனால் சபையாருக்குக் குமட்டவில்லை. முதல் வருடம் மூக்கைப் பொத்தினார்கள். இரண்டாம் வருடம் கைக்குட்டையில் சென்ட் தெளித்து வந்தார்கள். மூன்றாம் வருடம் வாடை பழகிவிட்டது. சென்ட் வீண் செலவு என்று பேசிக்கொண்டார்கள். பிசுக்கின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, விரிப்பின் மேல் மண்டியிட்டு ஜெபித்தார்கள்.

அள்ளியது ஒருத்திதான். கோயில் கூட்டுகிற அவள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் சோடாத் தூளும் வெந்நீரும் கொண்டு தேய்த்தாள். பிசுக்கு வந்த அதே வருடம் அவளுடைய தங்கை கல்யாணமாகாமல் ஒரு பெண்ணைப் பெற்று, அக்கா மடியில் போட்டுவிட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போயிருந்தாள். அப்பா யார் என்று சபைக்கே தெரியும். குழந்தைக்கு அச்சு அசலாகக் காரியதரிசி மகனின் காது. மகனை அவர் அதற்குள் கப்பல் வேலைக்கு அனுப்பிவிட்டார். தகப்பன் பெயர் சொல்லாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை என்று சபைச் சங்கம் தீர்மானம் போட்டது. ஞானஸ்நானத்தில்தான் பெயர் வைப்பது இவர்கள் வழக்கம் என்பதால் குழந்தை ஆறு வயதிலும் பாப்பாவாகவே இருந்தது. ஊரில் இருந்த ஒரே பள்ளி சபையின் பள்ளி. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளைக்கு அங்கே இடமில்லை. பாப்பா வேலிக்கு வெளியே நின்று, உள்ளே சொல்லும் வாய்ப்பாட்டைக் கூடவே சொன்னாள். பெரியம்மாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் மனு கொடுத்தாள்.

ஆறாம் வருடம் பிசுக்கு முன்வரிசைப் பெஞ்சுகளின் கால் வரை ஏறியது. கெட்ட வழியில் பிறந்த பிள்ளையைக் கோயிலுக்குள் கூட்டி வருவதால்தான் இது வடிகிறது என்று காரியதரிசி கண்டுபிடித்தார். இரண்டு கட்சியும் முதல் தடவையாக ஒத்துப்போயின. கோயில் கூட்டுகிறவள் சபை முன் நின்று குடும்பத்தின் பாவத்தை அறிக்கையிட்டால் ஞானஸ்நானம் பற்றி யோசிக்கலாம் என்றார்கள். இப்படிக் கேட்க அவர்களுக்குக் கூச்சமாக இல்லை. அவள் சரி என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பலிபீடத்தின் முன் நின்றாள். போதகர் புத்தகத்தை நீட்டினார். அவள் அதிலிருந்த ‘நாம்’ எல்லாவற்றையும் ‘நான்’ என்று மாற்றி வாசித்தாள். பிறகு, “மெழுகுவத்தித் துண்டு நிறைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கேன். காரியதரிசி ஐயாவ தினமும் மனசுக்குள்ள திட்டியிருக்கேன். தங்கச்சி அழுதப்ப ஒரு தடவ அடிச்சிட்டேன்” என்றாள். புத்தகத்தை மூடினாள். “இவ்வளவுதான் என்னோடது. மிச்சம் உங்களோடது. எடுத்துக்குங்க.”

பிசுக்கு ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தது. பிறகு அவரவரைத் தேடிப் போனது. அவளுக்குக் கட்டைவிரலில் ஒரு பொட்டு ஒட்டியது. முந்தானையில் துடைத்ததும் போய்விட்டது. மற்றவர்களுக்கு உள்ளங்கை, மணிக்கட்டு என்று அவரவர் பங்குக்கு ஏற்ப ஒட்டியது. போதகருக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை. காரியதரிசிக்கு முழங்கை தாண்டியது. பலிபீடம் காய்ந்து, பழைய கல்லின் நிறம் தெரிந்தது. பாப்பாவின் மேல் எதுவும் படவில்லை. இதற்குப் பிறகு ஞானஸ்நானம் இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

போதகர் ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீரில் கை வைத்ததும் தண்ணீர் சாம்பல் நிறமாகிவிட்டது. மூன்று முறை மாற்றி ஊற்றினார்கள். அவசியமான நேரத்தில் விசுவாசி எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பிழையில்லாமல் அச்சாகியிருந்தது. அதனால் பெரியம்மாவே தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றி, ஆறு வருடமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த பெயரைச் சத்தமாகச் சொன்னாள். அன்றிலிருந்து அந்தச் சபையில் வசனம் சொல்வது போதகர், தண்ணீர் ஊற்றுவது அவள். கையில் ஒட்டியது கழுவியும் போகாததால் சபையார் கையுறை போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒருவருக்கொருவர் கை கொடுப்பதில்லை. பாட்டுப் புத்தகங்களுக்கு ரெக்சின் அட்டை போட்டாயிற்று.

அன்று பாப்பாவின் ஞானஸ்நானத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டியவர் காரியதரிசி. பெயரை எழுதினார், தேதியை எழுதினார், தகப்பன் பெயர் என்ற கட்டத்தை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடக் குனிந்தபோது அவர் கையிலிருந்த பிசுக்கு அந்தக் கட்டத்தில் பட்டுக் கறையாகிவிட்டது. மறுநாள் பெரியம்மா பதிவேட்டைப் பள்ளிக்கு எடுத்துப் போனாள். பள்ளி எழுத்தர் பக்கத்தைப் புரட்டினார், கறையை ஒருமுறை முகர்ந்து பார்த்தார், அது எந்த வீட்டு வாடை என்று தெரிந்ததால் தகப்பன் பெயரைக் கேட்காமலே பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்.