மஞ்சக்காடு

கம்பெனியில் காலை டீ மணி அடித்ததும் வேலம்பாளையம் ஓடைக்காட்டில் கட்டியிருந்த மஞ்சள் துணிகள் எல்லாம் ஒரே குரலில் “அம்மா” என்றன. ஜோதிகா காணாமல் போன மறுநாள் அது. ராமுத்தாய் காட்டுக்குள்தான் நின்றிருந்தாள். மகளின் குரல்தான், சந்தேகமில்லை. எந்தத் துணியிலிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை.

முதல் நாள் மதியம் அந்த ஐந்து வயதுப் பிள்ளை ஆட்டுக்குட்டி ஒன்றின் பின்னால் போனதை லைன் வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். திரும்பியதை யாரும் பார்க்கவில்லை. ராமுத்தாய் வேலை செய்த பனியன் கம்பெனியில் மிஷின்களை நிறுத்தினார்கள். டெய்லர்கள், ஒடிசாப் பையன்கள், தோட்டத்து ஆட்கள் எல்லோரும் ஓடையில் இறங்கினார்கள். வேலிகாத்தான் புதர்கள் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். பார்த்த புதரையே திரும்பப் பார்த்தார்கள். கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்து வழி சொன்னார். “இப்படித் தேடுனா ஆவாதுங்க. வேஸ்ட் துணி மூட்டையக் கொண்டாங்க. பாத்த பொதர்ல ஒரு துண்டக் கட்டிப்போட்டு நவுருங்க.” அந்த வாரம் கம்பெனியில் ஓடியது மஞ்சள் ஆர்டர். ஜோதிகா போட்டிருந்த கவுனும் அதே வேஸ்ட்டில் ராமுத்தாய் தைத்ததுதான். மஞ்சள் கவுன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். ஒருவரும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை, அவளும்தான். பொழுது சாயும்போது காடு முழுக்க மஞ்சள் ஆடியது. ஒவ்வொன்றையும் பிள்ளை என்று நினைத்து ஓடினார்கள்.

“ஏனுங்க மாஸ்டரு, கொழந்தையத் தேடச் சொன்னா காட்டுக்குத் தோரணங் கட்டிப்போட்டீங்களே” என்றாள் பக்கத்து வீட்டு நஞ்சம்மாள்.

துணிகள் பேசிய அன்று எல்லாவற்றையும் அவிழ்த்துவிடலாம் என்று நாச்சிமுத்துதான் தொடங்கினார். முதல் துணியை அவிழ்த்து அவர் கையில் எடுத்ததும் அதன் குரல் நின்றுபோனது. ராமுத்தாய் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். “வேணாண்ணே. நீங்க அவுத்தது அவளா இருந்துட்டா?” அவர் அதைத் திரும்பக் கட்டினார். அதற்குப் பிறகு அது மட்டும் பேசவில்லை.

தீபாவளிக்குள் துணிகளுக்குக் கை முளைத்தது. அடுத்த வருஷம் கவுன்களாயின, ஆறு வயது சைஸ். பிறகு வருஷத்துக்கு ஒரு சைஸ் ஏறின. நாச்சிமுத்து டேப் வைத்துப் பார்த்து அளவு சரி என்றார். நிலத்துக்காரர் கிட்டுசாமி காட்டை அழிக்கப் பொக்லைன் கொண்டுவந்தார். துணிகளின் சத்தத்தைக் கேட்டு டிரைவர் இன்ஜினை அணைத்தான். டீ குடிக்கப் போனவன் திரும்பவில்லை. புது ஆட்கள் ஒரு வாரம் பயந்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. கம்பெனி வேன்கள் மஞ்சக்காடு ஸ்டாப்பில் ஆள் ஏற்றின. ராமுத்தாயின் புருஷன் ஜெயபாண்டி சொந்த ஊருக்கே போய்விடலாம் என்றான். அவன் போனான், அவள் போகவில்லை.

இந்த ஆவணியில் கவுன்கள் பன்னிரண்டு வயது சைஸுக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமை ராமுத்தாய் காட்டுக்குள் போய் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லாம் “அம்மா” என்றன. அவிழ்த்துக் கட்டிய கவுன் சும்மா இருந்தது. அதுவும் மற்றவற்றோடு வளர்ந்துதான் இருந்தது. அவள் அதன் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். எங்கும் பிரியவில்லை.

“இத்தன பேரு கூப்புடுறாளுக. நீ மட்டும் ஏண்டி பேச மாட்டேங்குற?”