முதல் இறகு

பண்டைய எகிப்தின் தீப்ஸ் நகரில், மேற்குக் கரைப் பட்டறையில் அன்று காலை இருந்தவர்கள் மூவர். வாசலை அடைத்தாற்போல் முக்காலியில் மேஸ்திரி நக்கி. எதிரே வெறுந்தரையில் கல் பதிக்கும் வேலைக்காரன் இபுய். சாளரத்தடியில் பாய் விரித்து எழுத்தர் கென்னா. நடுவே, சீமாட்டி ஒருத்திக்கான சவப்பெட்டி. மூடியில் சிறகு விரித்த பருந்து. பக்கத்தில் துணிமேல், இன்னும் பதிக்க வேண்டிய பதினோரு இறகுகள், இறகாய் வெட்டிய நீலத் துண்டுகள், நகத்தளவு.

"நாக்குல வச்சுப் பாருங்கய்யா," என்றான் நக்கி, வெங்காய வாடையோடு. "கல்லுன்னா ஜில்லுன்னே நிக்கும். இது ரெண்டு மூச்சுல சூடாயிடுது. பய கல்லை வித்துட்டுக் கண்ணாடியை வச்சிருக்கான்."

கென்னா வைத்துப் பார்த்தார். சூடானது. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கடுகில் பாதியாய் ஒரு காற்றுக்குமிழி. போன வாரம் இபுய் புதுச்செருப்போடு வந்தபோதே அவருக்கு உறுத்தியிருந்தது. நகரத்து அதிகாரிக்கு எழுத ஆரம்பித்தார். கடிதம் போய்ச் சேர்ந்தால் இபுயின் மூக்கை அறுத்துக் கல்லுடைக்கும் குழிக்கு அனுப்பிவிடுவார்கள்.

"முத்திரை வச்ச ஜாடியில வந்ததே இதுதான்," என்றான் இபுய்.

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்றார் கென்னா.

"நீலக்கல்லுன்னு மேல எழுதியிருக்குன்னு படிச்சது நீங்க. எழுத்துத் தெரியாதவன், எழுத்தர் படிச்சதைப் பொய்னு சொல்லவா?"

கென்னாவின் கை நின்றது. முத்திரையை உடைத்தவர் அவர்தான். மேலே எழுதியிருந்ததை அப்படியே கணக்கில் பதிந்துகொண்டார். உள்ளே கைவிட்டுப் பார்க்கவில்லை. ஜாடி திறந்த அதே நாழிகையில் எழுத்தர் கண்ணெதிரே முதல் இறகைப் பதித்தாக வேண்டும் என்பது முறை. அந்த இறகு பருந்தின் கழுத்தில் இருந்தது. சுற்றியிருந்த பிசினில் அன்று அவர் அழுத்திய கட்டைவிரல் ரேகை கலையவில்லை. குனிந்து நாக்கை வைத்தார். ஒரு மூச்சு. இரண்டு.

சூடு.

ஈரத்துணியால் பாப்பிரஸ் தாளில் எழுதியதைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்.

"என் பேரு எங்கயாவது வருதாய்யா?" நக்கி எட்டிப் பார்த்தான்.

கென்னா வாசித்தார். "ஜாடியில் வந்ததே கண்ணாடி. பாராமல் பதிந்துகொண்டவன் நான். இபுய் மேல் குற்றமில்லை."

இபுய் தாளையே உற்றுப் பார்த்தான்.

"அன்னிக்கும் ஜாடி மேல இருந்ததை இப்படித்தான் கணீர்னு வாசிச்சீங்க," என்றான்.

கென்னா தாளை மடித்து, நூல் சுற்றி, களிமண் உருண்டை வைத்து மோதிரத்தை அழுத்தினார். அக்கரைக்குக் கொண்டுபோக வந்த படகுக்காரன் அதை வாங்கிக்கொண்டு துறைக்கு இறங்கினான். அவன் பின்னாலேயே, செருப்பை மாட்டக்கூட நிற்காமல், இபுய் நடந்தான். கண் அந்த ஈரக் களிமண் மேலேயே இருந்தது.