லுவா விழுந்தாச்சு

பிரேசிலின் வடகரையில், குருருப்பு படகுத்துறையில் கடல் ஒரு நிலையில் நிற்காது. காலையில் படகோட்டிகள் சங்க ஆபீஸின் படிக்கட்டுவரை வந்து தளும்பும். மத்தியானம் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சேறு. கடல் இருந்த அடையாளமே இருக்காது. தண்ணீர் நிற்கும்போதே படகு கிளம்பிவிட வேண்டும். விட்டுவிட்டவன் அடுத்த ஏற்றம்வரை சேற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். படகோட்டி எராஸ்மோ மேஸ்திரியின் ‘போவா ஓரா’ என்ற படகு மட்டும் இதுவரை ஒரு ஏற்றத்தையும் விட்டதில்லை. இதை அவர் வாயாலேயே கேட்டுச் சலிக்காத ஆள் அந்தக் கரையில் கிடையாது.

அவர் மனைவி சுல்மீராவுக்குச் சங்க ஆபீஸில் வேலை. எந்தத் தீவுக்கு எப்போது தண்ணீர் பொருந்தும் என்று கணக்குப் போட்டு, தீவுகளில் இருக்கும் அறிவிப்புப் பலகைகளுக்கு ரேடியோ வழியாக அனுப்புகிற நிரல்களை அவள்தான் எழுதியிருந்தாள். பழைய கணினி மழையில் ஊறிச் செத்துப்போனது. தலைநகரில் யாரோ வேண்டாம் என்று கழித்த சர்வர் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. அலமாரி மாதிரி ஆள் உயரம், இரும்புப் பல், ஓயாத மூச்சு. அதன் இனமே வேறு. மற்ற கணினிகளுக்குச் செய்த மென்பொருள், கடையில் வாங்கிய ரொட்டி மாதிரி, அதன் தொண்டையில் இறங்காது. மாவைப் பிசைந்து அதன் அடுப்பிலேயே சுட்டுக் கொடுக்க வேண்டும்.

அவள் பிசைந்துகொண்டிருந்த மாவுக்கு லுவா என்று பெயர். ரியோவில் பிறந்த கணினி மொழி அது. அவர்கள் பேச்சில் லுவா என்றால் நிலா. நிரலில் எழுதியிருப்பதை வரிவரியாகப் படித்து யந்திரத்துக்குப் புரியவைக்கிற துபாஷி ஒன்று அந்த மொழிக்கு உண்டு. அந்தத் துபாஷியை மூல நிரலிலிருந்து கட்டி, புதிய சர்வரில் குடியேற்ற வேண்டும். அது எழுந்து நின்றால் பலகை பேசும், ரேடியோ பேசும். விழுந்தால் எல்லாம் ஊமை.

வீட்டிலும் ஒரு லுவா இருந்தாள். மகள் லுவானா. அப்பா செல்லமாகச் சுருக்கிய பெயர் ஊருக்கே பழகிவிட்டது. அவள் கோபுரம் ஏறுகிறவள். ஆன்டெனா மாட்டுவது, கேபிள் இழுப்பது, துருப்பிடித்த கம்பியை மாற்றுவது என்று கரையோரத்துக் கோபுரம் ஒன்றையும் அவள் விட்டுவைக்கவில்லை. அந்த வேலையில் சேர்ந்த அன்று எராஸ்மோ சாப்பாட்டு மேசையில் இருந்து எழுந்து, “விழுந்தா எனக்குச் சொல்லி அனுப்பாதீங்க” என்று சொன்னார். அவளும் அவருக்குப் பிறந்தவள்தானே, “சரி, சொல்ல மாட்டோம்” என்றாள். அன்றிலிருந்து ஒரு மழைக்காலம் முழுக்க இருவருக்கும் பேச்சில்லை. லுவா என்ற பெயர் அவர் வாயில் வரவே இல்லை. வீட்டில் அந்தப் பெயரைச் சொல்கிறவள் சுல்மீரா ஒருத்திதான், அதுவும் பாதி நேரம் கணினியைத் திட்டும்போது. இந்த இரண்டு பேரையும் ஒரே மேசையில் பேசவைக்காமல் தான் கண்ணை மூடிவிடுவோமோ என்று அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. இருவர் தலையையும் பிடித்து மோதவிடலாம் போலவும் இருந்தது.

அன்று பௌர்ணமி கழிந்த காலை. ஒரு பக்கம் சூரியன் வந்துகொண்டிருக்க, மறுபக்கம் வெளிறிப்போன நிலா அலையாத்திக் காட்டுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் பனிமூட்டம். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஆபீஸின் கொல்லையில் நின்ற கோபுரத்தில் கீழ்ப்பாதி மட்டும் இருந்தது. அதற்கு மேலே வெள்ளை. வெள்ளைக்குக் கீழே இரண்டு மஞ்சள் பூட்ஸ் தொங்கிக்கொண்டிருந்தன.

படகுக்கு டீசல் சீட்டு வாங்க வந்த எராஸ்மோவிடம் சுல்மீரா காப்பியை நீட்டினாள்.

“மேல யாரு வேலை செய்யறான்னு பாரு.”

“மேகம்தான் தெரியுது.”

“மேகத்துக்குக் காலு இருக்கே. மஞ்ச பூட்ஸ் வேற.”

“ஒன் பொண்ணு காலு. எனக்கென்ன.”

“ரொம்பத்தான். பொண்ணு என்ன, நான் வர்றப்பவே கொண்டாந்த சீரா?”

அவர் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தம்ளரை ஜன்னலில் வைத்தார். “தண்ணி திரும்பப் போகுது. நான் வர்றேன்.”

“புது யந்திரம் வேலை செஞ்சா ரேடியோல கூப்பிடறேன். காதைத் தீட்டி வெச்சுக்க.”

அவள் யந்திரத்தைப் பற்றிச் சொல்கிற எதையும் அவர் காதில் வாங்கிப் பழக்கமில்லை. படகு பனிக்குள் போனது. முதலில் உடல் மறைந்தது, பிறகு பயணிகளின் பேச்சு மறைந்தது, அவர்களில் ஒருத்தியான தோனா பெர்பேத்துவாவின் கோழி போட்ட சத்தம் மட்டும் தண்ணீரின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது.

சுல்மீரா கட்டச் சொல்லி ஆணை கொடுத்தாள். திரையில் வரிகள் ஏறத் தொடங்கின. புதிய யந்திரமாக இருந்தால் கண் சிமிட்டுவதற்குள் முடிந்திருக்கும். இந்தக் கிழட்டு அலமாரி ஒவ்வொரு வரிக்கும் பெருமூச்சு விட்டது. நடுவில் ஏதோ ஒரு நூலகம் இல்லை என்று முரண்டு பிடித்தது. அது இல்லாமலே கட்டு என்றாள். கட்டியது. சோதித்தாள்; தன் பெயரையும் பதிப்பையும் ஒழுங்காகச் சொன்னது. குடியேற்றினாள்.

மேலே வெள்ளைக்குள்ளிருந்து குரல் வந்தது. “அம்மா, நான் ஏறியாச்சு, மாட்டியாச்சு. ஒன் லுவா ஏறியாச்சா?”

“ஏறியாச்சுடி.”

“ஒன் லுவா சோம்பேறி. நான்தான் மொதல்ல.”

பலகை நிரல் ஓடியது. ரேடியோ விளக்கு பச்சையானது. சுல்மீராவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மைக்கை எடுத்து, “போவா ஓரா, போவா ஓரா. லுவா ஏறியாச்சு” என்றாள்.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு எராஸ்மோ, “பாத்தேன்” என்றார். அவ்வளவுதான். பனிக்கு நடுவில் போகிறவர் இதை எங்கே பார்த்தார் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் அந்த மனுஷன் தன் வேலைக்கு ஒரு வார்த்தை பதில் சொன்னதே பெரிது என்று விட்டுவிட்டாள்.

தம்ளரைக் கழுவித் திரும்புவதற்குள் திரையில் ஒரே ஒரு வரி நின்றது. துபாஷி செத்துக் கிடந்தது. அது போன பிறகும் ரேடியோவுக்கு ஒரு மூச்சு மிச்சம் இருந்தது. அவள் பாய்ந்து மைக்கைப் பிடித்து, “எராஸ்மோ, லுவா விழுந்தாச்சு” என்றாள். ‘பயப்படாதே, மறுபடி எழுப்பிடறேன்’ என்று தொடரும்போது விளக்கு அணைந்துவிட்டிருந்தது.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஆன்டெனாவோடு பேசுகிற நிரல் துண்டைப் பழைய லுவாவுக்குக் கட்டியதிலிருந்தே எடுத்துப் போட்டிருந்தாள். புதியதற்கு அது செரிக்கவில்லை. இரண்டையும் சேர்த்து அடியிலிருந்து கட்ட வேண்டும். மறுபடி ஆணை கொடுத்தாள், மறுபடி வரிகள் ஏறின.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். வரிகள் மேலே போய்க்கொண்டே இருந்தன. ஜன்னலுக்கு வெளியே நிலா கீழே போய்க்கொண்டிருந்தது. கண் சொக்கியது. லென்சோயிஸ் தீவின் மணலுக்கு அடியில், போரில் காணாமல்போன சேபஸ்தியான் ராஜாவுக்கு ஒரு அரண்மனை உண்டு என்பார்கள். அங்கேயும் இந்த மாதிரி ஒரு அலமாரி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும், அங்கேயும் ஒருத்தி உட்கார்ந்து எந்தக் கடல் எப்போது ஏற வேண்டும் என்று எழுதிக்கொண்டிருப்பாள் என்று சுல்மீராவுக்குத் தோன்றியது. அவளுக்கும் வாய் பேசாத புருஷன் இருப்பான். அவளிடம் கேட்டால் ஏதாவது வழி சொல்லுவாள்.

“அம்மா, அப்பா படகு திரும்புது” என்றது கோபுரத்து மேலேயிருந்து குரல்.

“திரும்பாது. தூங்காம வேலையப் பாரு.”

“நீதான் தூங்கறே. பனி விலகுது, எனக்கு நல்லாத் தெரியுது. மூக்கு இந்தப் பக்கம். ஏம்மா, தண்ணி எறங்குதே, எங்க வர்றாரு?”

சுல்மீரா படிக்கட்டுக்கு வந்தாள். தண்ணீர் படியை விட்டு எப்போதோ போய்விட்டிருந்தது. பளபளக்கும் சேற்றுக்கு அப்பால் ‘போவா ஓரா’ முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தது. எராஸ்மோ அப்படி ஓட்டி அவள் பார்த்ததில்லை. படகு சேற்றில் ஏறி, இழுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நிற்பதற்கு முன்பே ஒரு ஆள் குதித்தான். இடுப்புவரை இறங்கி, எழுந்து, கையால் துழாவிக்கொண்டு வந்தான்.

அப்போதுதான் தான் சொன்ன வார்த்தை அவள் காதில் விழுந்தது. லுவா விழுந்தாச்சு. அந்தப் பெயர் இந்த வீட்டில் கணினியின் பெயராகிப்போனது அவளுக்குத்தான். அவருக்கு அது எப்போதும் ஒருத்தியின் பெயர்தான். காலையில் ‘பாத்தேன்’ என்று அவர் சொன்னதும் அவளைத்தான். சுல்மீரா அவர் பெயரைக் கத்திக்கொண்டே படியிறங்கினாள்.

எராஸ்மோ அவளைப் பார்க்கவே இல்லை. ஆபீஸைச் சுற்றிக் கோபுரத்தின் அடிக்குப் போனார். மேலே பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். புல்லை, கேபிள் சுருளை, சுவரோரத்தை, எல்லாவற்றையும் கண்ணால் தேடினார்.

“அப்பா, அங்க நிக்காதீங்க. ஸ்பேனர் கீழ விழும்.”

மேலேயிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டும் எராஸ்மோ நகரவில்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

சுல்மீரா பக்கத்தில் போய் நின்றாள். “யந்திரம்” என்றாள். “யந்திரத்துல இருக்கறதுக்கும் லுவான்னுதான் பேரு. அதுதான் விழுந்துச்சு.”

அவர் தலையை ஆட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

லுவானா இறங்கி வந்தாள். இடுப்புப் பட்டையில் சாமான்கள் குலுங்கின. சேறு பூசிய அப்பாவையும், தூரத்தில் சாய்ந்து கிடந்த படகையும் பார்த்தாள். அத்தனை நாள் கழித்து அப்பாவிடம் என்ன கேட்பது என்று தெரியாமல், “என்ன ஆச்சு?” என்றாள்.

“என்ஜின்” என்றார் எராஸ்மோ.

அதற்குள் பயணிகள் ஒவ்வொருவராகச் சேற்றைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்த தோனா பெர்பேத்துவா கோழியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“என்ஜினாவது ஒண்ணாவது. என்ஜின் குதிரை மாதிரி ஓடுச்சு. இந்த மனுஷன் ரேடியோவக் கேட்டுட்டு ‘எம் பொண்ணு, எம் பொண்ணு’ன்னு அலறிக்கிட்டே சக்கரத்தச் சுத்திட்டாரு. ஏற்றம் போச்சு மேஸ்திரின்னு நான் சொல்றேன், ‘கெடக்கட்டும் ஏற்றம்’ங்கறாரு. தீவுல எனக்குக் கல்யாணச் சமையல் இருக்கு, யாரு பதில் சொல்றது?” பிறகு லுவானாவைத் தலை முதல் கால்வரை பார்த்தாள். “உசுரோடதான இருக்கே? போ, நல்லா இரு.”

கோழியோடு அவள் காப்பி தேடி உள்ளே போனாள். எராஸ்மோ தரையில் கையூன்றி எழுந்தார். லுவானா தன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிரம்பிவிட்டது. துடைத்தால் கிரீஸ் ஒட்டும் என்று அப்படியே விட்டாள்.

எராஸ்மோ கைச் சேற்றைச் சட்டையில் துடைத்தார். “மேல இன்னும் வேல இருக்கா?”

“ரெண்டு போல்ட்டு.”

“அப்ப போய் முடிச்சுட்டு வா, லுவா.”

அவள் கோபுரத்தில் ஏறினாள். அவள் உடம்பைப் பிடித்திருந்தது வேறு பட்டை, வேறு கொக்கி. கீழே தொங்கியது சாமான் ஏற்றுகிற வெறும் கயிறு. அதைப் பிடிப்பதும் பிடிக்காததும் ஒன்றுதான். எராஸ்மோ அதை எடுத்து உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, காலை அகட்டி ஊன்றி, பாய்மரக் கயிற்றைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்தார். முகம் இப்போது மேலே பார்த்திருந்தது.

உள்ளே துபாஷி எழுந்து, ரேடியோ விளக்கு பச்சையாகி வெகுநேரம் ஆகியிருந்தது. சுல்மீரா அதை யாரிடமும் சொல்லவில்லை. வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவருடைய கை வெளுத்துப்போயிருந்தது.

“அந்தக் கயிறு சும்மா இருக்கறது. விடு, கை வலிக்கும்.”

“பேசாம இரு” என்றார் எராஸ்மோ. “அவ எறங்கட்டும்.”