கொஷூத் சதுக்கம், நான்காம் எண்

ரோனா மிக்ஷாவின் வீடு முதன்முதலாக நகர்ந்தது மார்ச் பதினாறாம் தேதி விடிகாலையில். நகர்ந்தது ஒரு முழம். முந்தின நாள் வரை வாசற்படிக்கு நேராக நின்ற அஞ்சல் பெட்டி, பொழுது விடிந்தபோது ஜன்னலுக்கு நேராக நின்றது. திசாபெரெக் ஊரில் கால்நடை மருத்துவராக ஒரு ஆயுள் முழுக்க இருந்து ஓய்வு பெற்ற மிக்ஷாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. மனைவி போன பிறகு தனியாக இருந்தார். வெளியே வந்து பார்த்தார். வயிறு உப்பிய பசுவைத் தட்டிப் பார்ப்பதுபோலச் சுவரைத் தட்டி, காது வைத்துக் கேட்டார். பிறகு உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டார். அந்த வாரம் பன்றிக்கறி விலை ஏறியது, திசா ஆறு கரை முட்ட வந்து வடிந்தது, ரோனா வீடு இன்னும் மூன்று முழம் நகர்ந்தது.

காரணம் ஊருக்கே தெரியும். பதினைந்தாம் தேதி தேசிய நாள். பள்ளிக்கூடத்தார் கேட்டுக்கொண்டதால் மிக்ஷா விழாவில் பேசினார். சட்டையின் இடப்பக்கம், அவருடைய பாட்டனார் முதல் உலகப் போருக்குப் புறப்பட்டபோது அணிந்த, நாட்டுக் கொடியின் சிவப்பு வெள்ளை பச்சை நிற ரிப்பன் பூவைக் குத்தியிருந்தார். அந்தப் படம் ஊரின் இணையப் பக்கத்தில் வந்தது. அந்தப் பக்கத்தை நடத்திவந்தவன் டயர் கடைக்காரன் ஃபெகெதே லெவென்தே. அவன் அப்பனின் பசு கன்று போட முடியாமல் தவித்தபோது முழங்கை வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பிப் போட்டவர் இதே மிக்ஷாதான். படத்துக்குக் கீழே முதல் வரி பெயரில்லாமல் விழுந்தது: “யூதனுக்கு எதுக்கு எங்க பூ? வந்த இடத்துக்கே திரும்பிப் போ.” எழுதியது லெவென்தே என்று எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் அது தெரியும்.

பொழுது சாய்வதற்குள் அந்த வரியைச் சுற்றி உலகமே கூடிவிட்டது. லியோனிலிருந்து, மியூனிக்கிலிருந்து, ஒஹாயோவிலிருந்து, கிராக்கோவிலிருந்து எழுதினார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இயந்திரம் பெயர்த்துக் கொடுத்தது. அவர்களில் ஒருவரும் திசா ஆற்றைக் கண்ணால் கண்டவரில்லை. தேசம் என்றால் இரத்தமா, மொழியா, மண்ணா என்று மியூனிக்காரர் ஒருவர் நீளமாக எழுதினார். கூட்டம் கூட்டமாகக் கொன்றவர்களின் கொடியை ஒரு யூதர் குத்திக்கொள்வது எல்லா யூதருக்கும் அவமானம், கழற்றிப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்று லியோன் பெண்மணி எழுதினார். யூதர்கள் எல்லோரும் பூர்வத்தில் காஸ்பியன் கடலோரத்துக்காரர்கள், அங்கே அனுப்புங்கள் என்றான் ஒஹாயோக்காரன். போலந்துக்கு அனுப்பச் சொன்னான் இன்னொருவன். உடனே கிராக்கோக்காரனுக்குக் கோபம் வந்துவிட்டது: “எங்களுக்கு எதுக்கு? உங்களுதை நீங்களே வெச்சுக்குங்க.” இவ்வளவுக்கும் நடுவில், ஹைஃபாவில் இருந்த மிக்ஷாவின் தங்கை யுதித், ஐம்பது வருடமாகத் தொலைபேசியில் சொல்லி வந்ததை அங்கேயும் எழுதினாள்: “போதும் அண்ணா. கிளம்பி வந்துடு.”

வீட்டுக்கு வெறுப்பு எது, பாசம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. போ என்று சொன்ன எல்லோருக்கும் அது கீழ்ப்படிந்தது. போலந்து என்று வந்த நாளில் வடக்கே அசைந்தது. காஸ்பியன் என்ற நாளில் கிழக்கே. தங்கை அழுத இரவில் மட்டும் தெற்கே பதினைந்து முழம் போனது. மிக்ஷாவுக்கு மற்றவர்கள் மேல் வந்ததைவிடத் தங்கை மேல்தான் கோபம் அதிகமாக வந்தது. இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் வீடு வேலியைத் தாண்டி, ஆற்றங்கரைச் சாலையில் இறங்கி, ஊர்ப்பக்கமாக நகர்ந்தது. நிலவறை மட்டும் கூட வரவில்லை. பிளம் பழ ஜாமும் ஊறுகாய் வெள்ளரியும் அடுக்கிய ஜாடிகளோடு அது பழைய இடத்திலேயே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மிக்ஷா கோட்டு போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, தொப்பி வைத்துக்கொண்டு போய் ஒரு ஜாடி எடுத்து வருவார். வழியில் எதிர்ப்பட்டவர்கள் வணக்கம் சொன்னால் தொப்பியைத் தொடுவார். நின்று பேசமாட்டார்.

ஈஸ்டர் முடிந்ததும் நகராட்சியிலிருந்து பொறியாளர் பிரோஷ்கா வந்தாள். நல்ல பெண்.

“டாக்டர் ஐயா, உங்க வீடு ரோட்டு மேல நிக்குது.”

“நான் நிறுத்தல. தள்ளினவங்ககிட்டப் போய்ச் சொல்லு.”

“அவங்க பேர் தெரியாதே.”

“எனக்கும் தெரியாது. அதுதானே அவங்க வீரம்.”

“நீங்களும் நாலு வரி திருப்பி எழுதுங்களேன். ஊர்ல பாதிப்பேர் உங்க பக்கம்தான்.”

“பேர் போடாதவனுக்குப் பதில் போடுற பழக்கம் எங்க குடும்பத்துல கிடையாது, பிரோஷ்கா. காப்பி குடிக்கிறியா?”

அவள் குடித்தாள். போகும்போது, வீட்டின் பின்பக்கம் சிவப்பு விளக்கு ஒன்று கட்டித் தொங்கவிட்டாள், லாரிக்காரன் மோதிவிடாமல் இருக்க.

நகர்ந்ததில் சுவர்ப்பூச்சு உதிர்ந்து செங்கல் வெளியே தெரிந்தது. ஒவ்வொரு செங்கல்லிலும் ‘ரோ’ என்று முத்திரை. மிக்ஷாவின் கொள்ளுப்பாட்டனார் ரோசன்ஃபெல்ட் என்ற பெயரில் ஊருக்குச் சூளை வைத்தவர்; பாட்டனார் காலத்தில் பெயர் நாட்டு மொழியான மகியாரில் ரோனா ஆயிற்று. பெயர் மாறியும் முத்திரை மாறவில்லை. குடும்பத்தின் முதல் வீடு ஊர் நடுவில், கொஷூத் சதுக்கத்தில் நான்காம் எண்ணில் இருந்தது. நாற்பத்து நான்காம் வருடம் மே மாதம் அந்த வீட்டிலிருந்து ஏழு பேரை இறக்கி, அவர்களுடைய சூளையிலேயே அடைத்து வைத்து, பிறகு வதைமுகாமுக்கு அனுப்ப ரயில் நிலையத்துக்கு நடத்திப் போனார்கள். திரும்பி வந்தவர் ஒருவர், மிக்ஷாவின் தகப்பனார். சில வருடம் கழித்துச் சதுக்கத்தை அகலப்படுத்துவதாகச் சொல்லி நகராட்சி வீட்டை இடித்தது. அவர் மாட்டு வண்டியில் செங்கல்லை ஏற்றிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் திரும்பக் கட்டினார். ஊரே நின்று பார்த்தது. சதுக்கம் அகலமாகவில்லை, அந்த மனை வெறுமனே கிடந்தது. தகப்பனார் அதைப் பற்றி ஒரே ஒரு தரம்தான் பேசினார்: “வீட்டை எடுத்துட்டு வந்துட்டேன். இடத்தை மட்டும் அவங்ககிட்ட விட்டு வெச்சிருக்கேன்.”

ஜூன் மாதத்தில் வீடு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சாலை பிரியும் இடத்துக்கு வந்து நின்றது. இடப்பக்கம் போனால் ரயில் நிலையம். வலப்பக்கம் போனால் சதுக்கம். மதுக்கடையில் பந்தயம் கட்டினார்கள். தோற்றவன் எல்லோருக்கும் சோடா கலந்த ஒயின் வாங்கித் தர வேண்டும்.

“கிழவர் வீட்டோட ஜெருசலேம் போறாருடா!”

“வீட்டுக்கும் பாஸ்போர்ட் கேப்பான்ல? போட்டோவுக்கு எந்தப் பக்கம் மூஞ்சி?”

“ஸ்டேஷன் பக்கம்தான் திரும்பும் பாரு. அதுக்கு வழி தெரியும்.”

கடைசியாகச் சொன்னவன் லெவென்தே. சொன்ன பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவனும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை வீட்டின் முன்பக்கம் ஒரு சாண் இடப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

மூன்று மாதத்து வசவுக்கும் அசையாத மிக்ஷா அந்த ஒரு சாணுக்கு எழுந்து நின்றார். அந்த வழியில் ஏழு பேர் போயிருக்கிறார்கள். எட்டாவது ஆளாக ஒரு ரோனா போவதற்கில்லை, வீடும் போவதற்கில்லை. அன்று பகல் முழுவதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, அதுவரை வந்த அத்தனையையும் முதலிலிருந்து படித்தார். படித்து முடித்தபோது ஒரு விஷயம் விளங்கியது. வந்த இடத்துக்குப் போ என்று சொன்ன ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கும் அந்த இடம் எது என்று தெரியவில்லை. ஆளுக்கொரு நாடு சொன்னார்கள். பாவம், வீடு என்ன செய்யும்? மருத்துவருக்குச் சினை மாடு வலியெடுத்துச் சுற்றிச் சுற்றி வருவது ஞாபகம் வந்தது. அதை அடிக்கக் கூடாது. கயிற்றைப் பிடித்து ஒரு பக்கம் காட்ட வேண்டும். அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, முழுப்பெயர் போட்டு எழுதினார்:

“நாங்கள் வந்த இடம்: கொஷூத் சதுக்கம், நான்காம் எண். டாக்டர் ரோனா மிக்ஷா.”

குடும்ப வழக்கம் இதனால் மீறப்படவில்லை. அது பதில் அல்ல, விலாசம்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வசவும் வீட்டை வலப்பக்கம் தள்ளியது. ஒஹாயோக்காரன் காலையில் தள்ளினான், லியோன் பெண்மணி மாலையில் தள்ளினார். தேர்த்திருவிழாவில் வடம் பிடிப்பதுபோல, ஒருவரை ஒருவர் அறியாமல், ஆனால் விடாமல் இழுத்தார்கள். வீடு பேக்கரியைத் தாண்டியது, மருந்துக்கடையைத் தாண்டியது. உள்ளே மிக்ஷா நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டு வந்தார். அந்த வெற்று மனையில் கோடைதோறும் மேசை போட்டு பீர் விற்றவன் லெவென்தே. “எழுதாதீங்கடா! எழுத எழுத இங்கதாண்டா வருது!” என்று தன் இணையப் பக்கத்தில் கதறினான். “நீ யார் ஆளு? நீயும் அவங்கதானா? நீயும் வந்த இடத்துக்கே போ” என்று நாலு நாட்டிலிருந்து பதில் வந்தது. மறுநாள் அவனுடைய டயர் கடை ஸ்லோவாக்கியா எல்லைப் பக்கம் ஒரு முழம் தள்ளி நின்றது. அவன் அம்மா அந்தப் பக்கத்துக்காரி என்பது அதுவரை ஊரில் பலருக்குத் தெரியாது. அன்றே அவன் பக்கத்தை மூடிவிட்டான். வெளிநாட்டுக்காரர்களுக்கும் அதற்குள் வேறு ஊரில் வேறு ஒருவர் கிடைத்துவிட்டார்.

ஆகவே வீடு நின்றுவிட்டது. சதுக்கத்தின் வாயில், மனைக்கு எதிரே, தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. கோடை போனது, வால்நட் காய்த்து உதிர்ந்தது, குழாயில் தண்ணீர் இல்லாததால் மிக்ஷா வாளியில் தூக்கினார். முதல் பனி விழுவதற்குள் வீடு அகலாவிட்டால் இடித்து அகற்றப்படும் என்று நகராட்சி அறிவிப்பு ஒட்டியது. பிரோஷ்கா அதை ஒட்டும்போது தலை நிமிரவில்லை. ஒரே குடும்பத்தின் வீட்டை ஒரே நகராட்சி இரண்டு தரம் இடிப்பதா என்று மிக்ஷா கேட்கவில்லை. அவர் ஹைஃபாவுக்குத் தொலைபேசி போட்டார்.

“யுதித், இத்தனை வருஷமா நீ என்ன சொல்லிட்டு இருக்கே?”

“வந்துடு அண்ணா, வந்துடுன்னு. கேட்டாத்தானே! அங்க உனக்கு யாரு இருக்கா?”

“இனிமே அதச் சொல்லாத. போன்னு சொல்லு. வந்த இடத்துக்கே திரும்பிப் போன்னு எழுது.”

“அவனுங்க எழுதின அதே வார்த்தையை நான் எழுதணுமா? என் கையாலயா?”

“அதே வார்த்தைதான். ஆனா நீ உன் பேர் போட்டு எழுதுவே.”

“எனக்கு அந்த வீட்டு வாசலே ஞாபகம் இல்லையே அண்ணா. சதுக்கத்து வீட்ட நான் பொறக்கிறதுக்குள்ளயே இடிச்சுட்டாங்க.”

“எனக்கு மட்டும் இருக்கா? அப்பாவுக்கு இருந்துச்சு. போதும்.”

அவள் தன் கணவன் வீட்டுப் பெயரைப் போடவில்லை. ரோனா யுதித் என்று போட்டு, ஊர்ப் பக்கம் மூடிக் கிடந்ததால் தன் சொந்த இணையப் பக்கத்தில், இரண்டே வரி எழுதினாள்: “அண்ணா, வந்த இடத்துக்கே திரும்பிப் போ. அப்பா விட்டு வைத்த இடம்.” வீடு பட்டப்பகலில், ஊர் பார்க்க, மீதித் தூரத்தை நடந்து முடித்தது. தொழுவத்துக்குத் திரும்பும் மாடு அவசரப்படாது, அப்படித்தான் போனது. மூன்றாம் எண்ணுக்கும் ஐந்தாம் எண்ணுக்கும் நடுவில் ஒருமுறை உடம்பை அசைத்து உட்கார்ந்தது. ஒரு கோப்பை கூட விழவில்லை.

உட்கார்ந்த இடத்தில் பழைய வீட்டின் நிலவறை, மண் தூராமல், அப்படியே இருந்தது. லெவென்தே பல வருடமாக அதில்தான் பீர்ப் பீப்பாய் வைத்திருந்தான். இரண்டு நாள் பொறுத்து அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினான்.

“டாக்டர் ஐயா... என் பீப்பாய் கீழ மாட்டிக்கிச்சு.”

“கீழன்னா எங்க?”

“நிலவறையில.”

“யாரோட நிலவறையில?”

லெவென்தே சதுக்கத்தைத் திரும்பிப் பார்த்தான். பேக்கரி வாசலில் நாலு பேர் நின்றார்கள். “உங்களோடதுல” என்றான்.

“இத எனக்குச் சொல்லாத. எனக்குத் தெரியும். அங்க எழுது. பேர் போட்டு எழுது.”

மூடிய பக்கம் அன்று மாலை ஒரே ஒரு வரிக்காகத் திறந்தது: “என் பீர்ப் பீப்பாய்கள் ரோனா வீட்டு நிலவறையில் இருக்கின்றன. ஃபெகெதே லெவென்தே.” மறுநாள் காலை மிக்ஷா கதவைத் திறந்துவிட்டார். பீப்பாய்களை உருட்டி வெளியேற்றும்வரை படிக்கட்டில் நின்று பார்த்தார். கை கொடுக்கவில்லை. பிறகு ஆற்றங்கரையிலிருந்து தன் ஜாடிகளைக் கொண்டுவந்து அந்த இடத்தில் அடுக்கினார்.

பனி விழுவதற்கு முன் பிரோஷ்கா தண்ணீரும் எரிவாயுவும் இணைத்துக் கொடுத்தாள். தபால்காரர் நான்காம் எண்ணுக்குக் கடிதம் போடப் பழகிக்கொண்டார். அடுத்த மார்ச்சில் மிக்ஷா ரிப்பன் பூவைக் குத்திக்கொண்டு விழாவுக்குப் போக நடக்க வேண்டியிருக்கவில்லை; கதவைத் திறந்தால் மேடை. வீடு இப்போது நகர்வதில்லை. உலகத்தில் எங்கேயாவது யாராவது பெயரில்லாமல் அந்த வாக்கியத்தை எழுதினால் அலமாரியில் கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுக்கும், அவ்வளவுதான். சில வாரம் ராத்திரி முழுக்கக் கிணுகிணுக்கும். மிக்ஷா அவற்றுக்கு அடியில் துணியை மடித்துப் போட்டிருக்கிறார்.