ஆப்புத் தகட்டின் தடித்த பக்கம்

நடேசன் எங்கே போனாலும் "என் ஜீப்பு" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அந்த முப்பது வயது ஜீப்பைக் கழுவுவது, ஆயில் மாற்றுவது, பேட்டரி செத்தால் தள்ளுவது எல்லாம் அவர் மனைவி வனஜா. ஆவடியில் ராணுவ வண்டித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக ஃபிட்டர் வேலை பார்க்கிறவளுக்கு, "என்" போட்டுப் பேச நேரம் இருந்ததில்லை.

போன மாதம் நடேசனுக்கு ஜீப்பை உயரமாக்கும் ஆசை வந்தது. பாடியில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டும் முகமது ஆசிக், முன் அச்சுக்கு அடியில் இருந்த பட்டையை அச்சுக்கு மேலே ஏற்றிக் கட்டிக் கொடுத்தான். வண்டி ஜம்மென்று எழுந்து நின்றது. ஓட்டத்தில்தான் மானம் போனது. நாற்பதைத் தொட்டால் ஸ்டியரிங் கையை உதறும். திருப்பினால் திரும்பிய பக்கமே கிடக்கும். ஆசிக் ஸ்டியரிங் ராடை மாற்றினான், கடைசியில் ஸ்டியரிங் பெட்டியையே மாற்றினான். அன்றைக்கே பாடி மேம்பாலத்தில் ஜீப் ஒரு பஸ்ஸை நோக்கிப் பாய, நடேசனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்து எடுத்துப்போகச் சொல்லிப் பழைய இரும்பு வியாபாரியிடம் பேசிவிட்டார்.

வனஜாவுக்குப் பொறுக்கவில்லை. அவள் வண்டி ஓட்டப் பழகியதே அந்த ஜீப்பில்தான். "ஆளாளுக்கு மாத்தினீங்களே, ஒருத்தராவது அளந்தீங்களா?" என்று அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். ஞாயிறு காலை ஆசிக்கை வரவழைத்து, தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் வாசலில் ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தாள்.

"இன்னாக்கா, காலங்காத்தால ஆராய்ச்சி? ராசியில்லாத வண்டிக்கா, உட்டுத்தள்ளு" என்றான் ஆசிக்.

"ராசியை அளக்க என்கிட்ட கருவி இல்ல தம்பி. சாய்வை அளக்க இருக்கு."

அச்சு லேசாகப் பின்பக்கம் சாய்ந்திருந்தால்தான், கையைத் தளர்த்தியதும் சக்கரம் தானாக நேருக்கு வரும். வனஜா கருவியை வைத்தாள். முள் முன்பக்கம் சாய்வு காட்டியது. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு போல ஒரு தகடு, ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெல்லிசாகவும் இருந்தது.

"இதை எப்படி வச்சே?"

"கழட்டும்போது எப்டி இருந்துச்சோ, அப்டியே குறிச்சு வச்சிக்கினு மாட்டினேன். தடிப்பக்கம் முன்னாடி. பதினஞ்சு வருசமா பட்டை கட்டிகினு கீறேன்க்கா!"

அந்த ஒழுங்குதான் ஆளைக் கவிழ்த்திருந்தது. வனஜா சாக்பீஸை எடுத்துத் தரையில் வரைந்தாள். "அப்போ பட்டை கீழ, அச்சு மேல. தடிப்பக்கம் அச்சோட முன்பக்கத்தைத் தூக்கி வச்சிருந்துச்சு. இப்போ பட்டை மேல, அச்சு கீழ. அதே தடிப்பக்கம் முன்பக்கத்தை அமுக்குது."

ஆசிக் படத்தைப் பார்த்தான், குனிந்து அச்சைப் பார்த்தான், மறுபடியும் படத்தைப் பார்த்தான். "நான்தான்க்கா தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்லி, ஸ்பானரைக் கையில் எடுத்தான். அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? வனஜாவுக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

இரண்டு சக்கரப் பக்கத்துத் தகடுகளையும் திருப்பி வைத்து, நட்டுகளை முறுக்கி, மறுபடி அளந்தார்கள். முள் பின்பக்கம் வந்திருந்தது. வனஜா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நடேசன் கடவுளை வேண்டிக்கொண்டு பக்கத்தில் ஏறினார். தொழிற்சாலை மதிலை ஒட்டிய காலிச் சாலையில் நாற்பது வந்தது, ஐம்பது வந்தது, உதறல் வரவில்லை. வனஜா விரல்களை மெல்லத் தளர்த்தினாள். ஜீப் கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது. இருபத்திரண்டு வருடம் அடுத்தவன் வண்டிகளைச் சரிபார்த்து அனுப்பிய கை இது என்று அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

திரும்பி வந்தபோது வாசலில் அக்கம்பக்கமெல்லாம் கூடி நின்றது. சரியாகப் பத்து மணிக்கு நடேசனின் போன் அடித்தது. இரும்பு வியாபாரி லாரியோடு திருமுல்லைவாயில் தாண்டிவிட்டானாம்.

நடேசன் எல்லோருக்கும் கேட்கும்படியே பேசினார்.

"திரும்பிப் போயிடுப்பா. விக்கிறதுக்கு அது என் ஜீப்பு இல்ல. என் வீட்டுக்காரம்மாவோடது."