ஆறு கட்டை பிளேட்

அமரவிளையில் ரோட்டோரமாக உள்ள கிருஷ்ணன்குட்டியின் ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் பதினோரு வருசமாக வேலை. என்னை மெக்கானிக் என்று சொல்ல முடியாது. மெக்கானிக் கிருஷ்ணன்குட்டிதான். நான் கழற்றுகிறவன், சுமக்கிறவன். பேர் ரெத்தினதாஸ்.

எங்கள் கடையில் லிப்ட் கிடையாது. காரை ஜாக்கியில் தூக்கி நாலு பக்கமும் மரக்கட்டை கொடுப்போம். நான் அட்டையை விரித்து அடியில் போவேன். கிளச் மாற்ற வேண்டுமென்றால் கியர் பாக்ஸ் இறங்கவேண்டும். கடைசி போல்ட் கழன்றதும் அது நேராக என் நெஞ்சுக்கு வரும். முப்பத்தஞ்சு கிலோ இருக்கும். நெஞ்சில் வாங்கி, மூச்சைப் பிடித்து, ஒருபக்கம் சரிந்து சாக்கில் இறக்குவேன். திரும்ப ஏற்றும்போதும் நெஞ்சுதான்.

போன ஆவணியில் அடிவயிற்றில் வலது பக்கம் ஒரு உருண்டை தள்ளிக்கொண்டு வந்தது. படுத்தால் உள்ளே போகும், முக்கினால் வெளியே வரும். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் காட்டினேன். குடலிறக்கம், ஆப்பரேசன் வேணும், மூணு மாசம் பாரம் தொடக்கூடாது என்றார் டாக்டர். மூணு மாசம் நான் வீட்டில் கிடந்தால் நாலாம் மாசம் என் அட்டையில் வேறொருத்தன் படுத்திருப்பான். ஐம்பத்தாறு வயசுக்காரனை வேறு எந்தக் கடை எடுக்கும்? ஒரு பெல்ட் வாங்கி வரிந்து கட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரி புஷ்பபாய்க்கு மட்டும் விசயம் தெரியும்.

இந்த நிலைமையில்தான் சிபின் மூணாம் தடவையாக வந்தான். பொழியூர்க்காரன், மீன்பிடி போட்டு வைத்திருக்கும் ததேயூஸின் மகன். பழைய டீசல் கார் ஒன்று வைத்திருக்கிறான். திருவனந்தபுரத்தில் யாரிடமோ கொடுத்து டர்போவை மாற்றி, இஞ்சினின் கணக்கையெல்லாம் மாற்றி எழுதி, இரண்டு மடங்கு இழுக்க வைத்துவிட்டான். இஞ்சின் இழுக்கும், கம்பெனி கிளச் தாங்காது. வழுக்கும், கருகும். ஒரே வருசத்தில் அந்தப் பாக்ஸை இரண்டு தடவை நெஞ்சில் வாங்கியாகிவிட்டது.

அன்று கிருஷ்ணன்குட்டி சாமான் வாங்கப் பாறசாலைக்குப் போயிருந்தான். சிபின் இரண்டு கிளச் பிளேட் பெட்டிகளை பெஞ்சில் வைத்தான்.

"தாசண்ணா, ஒண்ணப் போடணும், மத்தத திருப்பிக் குடுக்கணும். எது வேணும்னு நீங்க சொல்லுங்கோ. நீங்கதானே அடியில போறிய."

ஒரு பெட்டியில் இருந்தது ஆர்கானிக் பிளேட். கம்பெனி பிளேட் மாதிரியே முழு வட்டம், கனம் மட்டும் கூடுதல். மற்றதில் வட்டமே இல்லை. நடுவிலிருந்து ஆறு கை நீண்டு, ஒவ்வொரு கையிலும் செம்பு நிறத்தில் ஒரு கட்டை. செராமிக் என்றான் சிபின். கையில் எடுத்தேன். கல்லுக்கும் இரும்புக்கும் இடைப்பட்ட ஒரு குளிர்ச்சி.

கூடவே ஒரு காகிதம். கடைக்காரன் மலையாளத்தில் கையால் எழுதியது. சிபின் மலையாளம் தண்ணிபோலப் பேசுவான், வாசிக்கத் தெரியாது. கொல்லங்கோட்டில் தமிழ்நாட்டு ஸ்கூலில் இங்கிலீஷ் மீடியம் படித்தவன். எங்கள் பக்கம் இப்படி நிறையப் பேர் உண்டு. எனக்கோ நாற்பத்திரண்டு வயசில்தான் எழுத்தே வந்தது. மலையாளம் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித்தரும் சாட்சரதா கிளாசில், தமிழ் பிறகு சபையில் பைபிளை வைத்து. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன்.

"முதல் பிளேட்... தினசரி... ஓட்டத்துக்கு... போதும்," என்று வாசித்தேன்.

"அண்ணா, நீங்க வாசிச்சு முடிக்கியதுக்குள்ள எனக்க தங்கச்சி கல்யாணமே முடிஞ்சிரும்."

"எலே, எழுத்து ஓடியா போவுது? பொறு."

வண்டியைப் பைய எடுக்கலாம், கடுமையாக ஓட்டினால் இரண்டு வருசம் கிடக்கும் என்று முதல் பிளேட்டுக்கு எழுதியிருந்தது. ஆறு கட்டைக்கு, பிடித்தால் விடாது, எவ்வளவு இழுத்தாலும் வழுக்காது, வெகுகாலம் கிடக்கும். இதுவரை சத்தமாக வாசித்தேன். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. ரேசுக்கு உள்ளது, அரை கிளச்சில் பைய ஓட்டக்கூடாது, நெரிசலிலும் ஏற்றத்திலும் வண்டி குதிக்கும்.

அந்த வரியை மனசுக்குள் இரண்டு தடவை வாசித்தேன். வாய் திறக்கவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆறு கட்டையப் போடு மக்கா. பின்ன இத இறக்க வேண்டாம்."

இறக்க வேண்டாம் என்று சொன்னபோது என் கை பெல்ட்டின் மேல் இருந்தது. இரண்டு வருசம் என்றால் இந்தப் பையன் ஓட்டுகிற ஓட்டத்துக்கு ஒரு வருசம். அடுத்த வருசம் இதே பாக்ஸ் இதே நெஞ்சுக்கு வரும். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

சாயங்காலம் கிருஷ்ணன்குட்டி வந்து பிளேட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினான். "எடா, இது ரோட்டில ஓட்டுறதுக்கு உள்ளதாணோ?" என்று சிபினிடம் கேட்டான். "தாசண்ணன் வாசிச்சுப் பாத்துச் சொன்னதாக்கும்" என்றான் சிபின். கிருஷ்ணன்குட்டி என்னைப் பார்த்தான். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மாட்டினோம். நெடுஞ்சாலையில் கார் அம்புபோலப் போனது. சிபினுக்குச் சந்தோசம். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தான். "எடுக்கும்போ கொறச்சு குதிக்குது அண்ணா." புது பிளேட், ஓடி ஓடிப் பழகி வரணும் என்றேன். அதுவும் நான் சொன்னதுதான்.

அடுத்த வியாழக்கிழமை அவன் தங்கை ஷைனாவுக்குக் கல்யாணம். காலை பத்து மணிக்கு, கார் வழியில் நிற்கிறது என்று கிருஷ்ணன்குட்டிக்குப் போன் வந்தது. அவன் ஸ்கூட்டரில் என்னையும் ஏற்றிக்கொண்டு பொழியூருக்குப் போனான்.

அங்கெல்லாம் பெண்ணை வீட்டிலிருந்து சர்ச் வரைக்கும் பேண்ட் செட்டோடு கொண்டுபோவார்கள். முன்னால் பேண்ட்காரர்கள், பின்னால் பெண்ணின் கார், அதன் பின்னால் சொந்தக்காரர்கள் நடை. ஆள் நடக்கிற வேகத்துக்குக் கார் நகர வேண்டும். இது எனக்குத் தெரியாததா? எத்தனை கல்யாணத்தில் பின்னால் நடந்திருக்கிறேன்.

மாலை கட்டிய கார் தெருவின் நடுவில் நின்றது. சிபின் கிளச்சை விட்டான். கார் ஒரு முழம் பாய்ந்து, இடித்து, அணைந்தது. டிரம் அடிக்கிறவன் துள்ளி ஓரத்துக்கு ஓடினான். உள்ளே ஷைனாவின் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்து மோதியது. பக்கத்தில் இருந்த அம்மா லில்லிக்குட்டி மகளின் தலைத்துணியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பின்னால் நூறு பேர், முன்னால் பேண்ட், இரண்டு பக்கமும் மதில். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் எடுக்க முடியாது. கருகல் வாடை அடித்தது.

"துடுப்பு வலிக்கிய போட்டுகூட இதவிட ஒழுங்காப் போவும்லே," என்றார் ததேயூஸ். "பதினொண்ணுக்கு சர்ச் அச்சன் அடுத்த பூசைக்குப் போணும்."

"தாசண்ணா, என்னமாவது செய்யுங்கோ," என்றான் சிபின். சட்டை முழுக்க வியர்வை.

என்ன செய்ய? பானட்டைத் திறந்தால் பிளேட் மாறுமா? "நியூட்ரல்ல போடு. தள்ளுவோம்," என்றேன்.

ஆறு பேர் பின்னால் கை வைத்தோம். சொன்னவன் ஒதுங்கி நிற்க முடியாதே, நானும் வைத்தேன். சர்ச் மேட்டில் இருக்கிறது. ஏற்றம் தொடங்கியதும் பெல்ட்டுக்குக் கீழே அந்த உருண்டை வெளியே வந்துவிட்டது. கையை எடுத்தால் கார் பின்னால் உருளும். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். பேண்ட்காரர்கள் பாட்டை நிறுத்தவே இல்லை.

சர்ச் முற்றத்தில் ஷைனா இறங்கிவந்து, "வலிய உபகாரம் தாசண்ணா," என்றாள். எனக்கு மதிலில் சாய்ந்து நிற்க மட்டும்தான் முடிந்தது. சாப்பாட்டில் எனக்கு முதல் பந்தியில் இடம் போட்டார்கள். இரண்டு வாய் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை, அந்தப் பிளேட்டைக் கழற்ற, கார் மரக்கட்டையில் ஏறியது. நான் அடியில். மூணு போல்ட் கழற்றிவிட்டேன், ஒன்று பாக்கி. பக்கத்தில் சிபினின் செருப்பு மட்டும் தெரிந்தது.

"இங்கேந்து நேரா அந்தக் கடைக்காரன்கிட்டதான் போறேன்," என்றான். "இப்பிடி ஒரு சாதனத்த ஒண்ணும் சொல்லாம வித்தான்லியா. கடைக்கு முன்ன நிறுத்தி நாலுபேர் கேக்கக் கேக்கியேன். எனக்க கூட்டுக்காரனுவ பிஜியும் அஜேஷும் கூட வாறானுவ."

"கேக்கணும்," என்றான் கிருஷ்ணன்குட்டி மேலிருந்து. "கள்ளப்பயல்."

அந்தக் கடைக்காரனை நான் பார்த்ததில்லை. அவன் கையெழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன். வாசிக்கிறவனுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று ஒவ்வொரு எழுத்தையும் தனியாக எழுதியிருந்தான்.

"சிபினே," என்றேன். "அவன்கிட்ட போவாத."

"ஏன்?"

"அவன் எழுதியிருந்தான். பைய ஓட்டினா குதிக்கும்னு கடைசி வரியில உண்டு. நான் வாசிச்சேன். ஒனக்குச் சொல்லல்ல."

செருப்பு ஒரு அடி பின்னால் நகர்ந்தது. பிறகு முட்டி தெரிந்தது, பிறகு அவன் முகம் தலைகீழாக அடியில் வந்தது.

"என்னத்துக்கு அண்ணா?"

பேசினால் கிருஷ்ணன்குட்டிக்குக் கேட்கும். பேசாவிட்டால் நான் கள்ளன். ஒரு கையால் பாக்ஸைத் தாங்கிக்கொண்டு மற்ற கையால் சட்டையைத் தூக்கினேன். பெல்ட்டையும் அதற்குக் கீழே புடைத்திருந்ததையும் சிபின் பார்த்தான். அவனுக்குப் பின்னால் குனிந்த கிருஷ்ணன்குட்டியும் பார்த்தான்.

"இது எத்தர நாளாயி?" என்று கேட்டான் கிருஷ்ணன்குட்டி.

"ஆவணி தொட்டு."

"எடோ, இந்தக் காருக்கு அடியில ஒனக்கு ஏதெங்கிலும் ஆயிப்போனா ஞானல்லே பதில் பறயேண்டது?" அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழுந்து வாசலுக்குப் போனான். போனில் பேசுவது கேட்டது. பனச்சமூட்டில் யாரிடமோ. ஆமாம், கியர் பாக்ஸ் இறக்க ஒரு ஆள், சின்ன வயசாக இருந்தால் நல்லது, நாளைக்கே வரட்டும்.

சிபின் என்னைப் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டையோடு அந்தப்பக்கம் தரையில் படுத்து, பாக்ஸுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தான்.

"கழத்துங்கோ," என்றான்.

கடைசி போல்ட்டைத் திருகினேன். புது ஆள் நாளைக்குத்தான் வருவான்.