ஐந்தாவது வரிசை

படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. 'சாவி பெறும் முன் வீட்டை உங்கள் சார்பில் ஒருவரை வைத்து ஆய்வு செய்ய விரும்புகிறீர்களா?' பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை. பேனாவைத் திறந்து கையில் பிடித்தபடி அவள் கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். யோசித்தாள் என்று சொன்னால் அது பொய். சும்மா உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மாதமாகவே அப்படித்தான். அவள் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். பணிமனையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினவர், கடைசிப் படியிலேயே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை, பசிகூட யாராவது ஞாபகப்படுத்தினால்தான் வரும். ஒருநாள் காப்பியில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்டும் வேலை. பத்தாம் நாளே வேலைக்குப் போய்விட்டாள். ஒரு சீட்டுகூடத் தப்பாக ஒட்டவில்லை. "பரவாயில்லையே, நல்லாத் தேறிட்டீங்க" என்று அங்கே எல்லோரும் மெச்சினார்கள். மரத்துப் போய்விட்டால் இந்த உலகத்துக்கு எவ்வளவு சௌகரியம் பாருங்கள்.

"இன்னும் என்ன முழிச்சுக்கிட்டு இருக்க? ஆமான்னு போடு" என்றாள் அக்கா. தங்கைக்குத் துணையாக வந்து தங்கியிருப்பவள். துணை என்றால், பேச்சுத் துணை. அவள் பேசுவாள், தங்கை துணையாக இருப்பாள்.

"புது வீடுதானேக்கா."

"புதுசுன்னாத்தான் பாக்கணும். பழைய வீட்டுல கோளாறு இருந்தா அதுவே காட்டிக் குடுத்துடும். புதுசுல எல்லாம் பெயிண்டுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் ஒழுகுது, உடையுதுன்னு போய் நின்னா எவன் திரும்பிப் பாப்பான்? உனக்குன்னு இருக்கறது அது ஒன்னுதான்டி."

"அவர் வேண்டாம்னு சொல்லியிருந்தாரு."

சொல்லித்தான் இருந்தார். புது வீடு இருந்த வரிசையில் பன்னிரண்டு வீடுகளுக்கும் தரைக் கல் பதிக்கும் வேலை அவருடைய தம்பிக்கு. அதனாலேயே அங்கே வீடு வாங்கினார். "என் தம்பி கை பட்ட வீட்டுக்கு வேத்தாள் வந்து மார்க் போடணுமா?" என்று கேட்டுச் சிரிப்பார். தம்பிக்கு வேலை இடத்தில் 'ரசமட்டம்' என்று பட்டப்பெயர். ரசமட்டம் என்பது தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற கருவி. அவனுக்கு அது தேவையே இல்லை, கண்ணை வைத்தே சொல்லிவிடுவான் என்று பேச்சு.

"அந்தத் தம்பியோட லட்சணத்தத்தான் பாத்தோமே" என்றாள் அக்கா. "கூடப் பொறந்தவன் போயிட்டான்னு போன் போகுது. ரெண்டு மணி நேரம் கழிச்சு ஆடி அசைஞ்சு வர்றான், கையெல்லாம் சிமெண்ட்டோட."

அதுவும் நடந்ததுதான். போன் செய்ததே இவள்தான். "அண்ணன் போயிட்டாரு" என்றாள். அவன் "சரி அண்ணி" என்று சொல்லி வைத்துவிட்டான். வேறு ஒரு வார்த்தை இல்லை. அதற்காக அவள் கோபப்படவில்லை. கோபப்பட வேண்டிய விஷயம் என்று மட்டும் குறித்து வைத்துக்கொண்டாள்.

இப்போது ஆய்வுக்கு ஆள் வைத்தால் அவன் முகத்துக்கு நேரே உன்னை நம்பவில்லை என்று சொல்வதாகிவிடும். ஏதாவது குறை கண்டுபிடித்து எழுதினால் கட்டுகிறவர்கள் அவனைச் சீட்டுக் கிழித்து அனுப்புவார்கள். அவர் பக்கத்து ஆள் என்று அவளுக்கு மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான். ஆள் வைக்காவிட்டாலோ, வீடு எப்படி இருந்தாலும் அவள் தலையில். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மனசு எந்தப் பக்கமும் அசையவில்லை. பேனா 'இல்லை' பக்கம் போனது. அந்தக் கட்டம் கைக்குக் கிட்டத்தில் இருந்தது, அவ்வளவுதான். கோடு போட்டு முடிக்கும்போது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் கொழுந்தன் நின்றான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"வாப்பா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று அக்கா எழுந்தாள். "உன் வேலைய ஒருத்தர் பாத்துச் சொல்லட்டும்னு நான்தான் சொல்றேன். வருத்தப்பட்டாலும் சரி."

"அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றான் அவன். இவளைப் பார்த்து, "அண்ணி, ஆளக் கூப்பிடுங்க. கூப்பிடாம கையெழுத்துப் போட்டுடாதீங்க."

சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு நின்றவளுக்கு எதிராளியே கட்சி மாறிவிட்டால் எப்படி இருக்கும்? அக்கா வாயைத் திறந்தபடி மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்?" என்று கேட்டாள் இவள்.

"கீழ் பாத்ரூம்ல நான் என்ன செஞ்சேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. நானே போய்ப் பாத்துடலாம்னு நாலு தடவை வாசல் வரைக்கும் போனேன். உள்ள போக முடியல."

"சாவி இருக்கா?"

"இருக்கு."

"வா, போலாம்" என்றாள். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எதற்குக் கிளம்புகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வரிசையில் ஏழாவது வீடு. உள்ளே சுண்ணாம்பும் பெயிண்டும் கலந்த வாசனை. ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டிய காகிதம் இன்னும் கிழிக்கப்படவில்லை. கூடத்தில் அவள் செருப்புச் சத்தம் பெரிதாகக் கேட்டது. கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தாள்.

குளியலறை சின்னதுதான். ஜன்னல் சுவரின் ஓரத்தில் தண்ணீர் போகும் ஓட்டை. அங்கே ஆரம்பித்து வாசல் வரை வெள்ளைக் கற்கள், ஒன்பது வரிசை. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. வேலையாட்கள் விட்டுப்போன ஒரு பக்கெட் மூலையில் கிடந்தது.

"தரைன்னா ஓட்டைப் பக்கமா சரியணும்" என்றான் அவன், வெளியிலேயே நின்றுகொண்டு. "வாட்டம்னு சொல்லுவோம். அதப் பாத்துட்டா தெரிஞ்சுடும்."

"அதுக்கு எதுக்கு வேத்தாள்? தண்ணி ஊத்தினாத் தெரியாதா?"

குழாயைத் திறந்தாள். பக்கெட் நிரம்பியது. பிறகு அதைத் தூக்கி, அறையின் நடுவில் மெதுவாகச் சாய்த்தாள்.

தண்ணீர் ஒரு நொடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. அப்புறம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி ஒழுங்காக ஜன்னல் பக்கம் ஓடி ஓட்டைக்குள் இறங்கியது. மறுபாதி வாசலை நோக்கி வந்தது. பிரிந்த இடத்தில் கோடு கிழித்தமாதிரி ஒரு வரிசை.

அவள் எண்ணினாள். ஜன்னலிலிருந்து ஐந்தாவது.

"நாலு வரிசை முடிச்சிருந்தேன்" என்றான் அவன். "அஞ்சாவதுக்கு முதல் கல்ல கையில எடுக்கறப்ப உங்க போன்."

"அப்புறம்?"

"கலவை கலந்து வச்சிருந்தேன் அண்ணி. விட்டா இறுகிப் போயிடும். அது மட்டும்தான் தோணிச்சு. கலவை வீணாப் போயிடும், கலவை வீணாப் போயிடும்னு... மிச்ச அஞ்சு வரிசையும் போட்டுட்டுத்தான் எந்திரிச்சேன். அண்ணன் அங்க கிடக்கறாரு, நான் இங்க கல்லு பதிச்சுக்கிட்டு இருக்கேன். யார்கிட்ட சொல்ல முடியும் இத?"

தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டது. சில்லென்று இருந்தது. இரண்டு மாதத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்று சில்லென்று இருந்தது. அவள் அப்படியே குளியலறை வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"என்கிட்டச் சொல்லலாம்" என்றாள். "பணிமனையில இருந்து எனக்குத்தான் முதல்ல போன் வந்துச்சு. விழுந்துட்டாரு, உடனே வாங்கன்னாங்க. தட்டுல ஒன்பது குழாய் பாக்கி இருந்துச்சு. ஒன்பதுக்கும் சீட்டு ஒட்டி, பேரு சரியா இருக்கான்னு ஒவ்வொன்னாப் பாத்துட்டுத்தான் நான் எந்திரிச்சேன்."

அவன் அவளைப் பார்த்தான்.

"இத நான் யார்கிட்டயும் சொல்லல. நல்லா வேலை செய்யறேன்னு எல்லாரும் சொல்றாங்க, தெரியுமா? ஒன்னுகூடத் தப்பில்லையாம்." சொல்லும்போதே அவள் வாய் கோணியது. எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் அழுகை வந்தது. அடக்கப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் செத்துப்போய் இரண்டு மாதம் கழித்து, ஈரத் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். காலி வீடு ஆகையால் சத்தம் எல்லா அறைக்கும் போய்த் திரும்பியது.

வெகு நேரம் கழித்துத்தான் முகத்தைத் துடைத்தாள். பையிலிருந்து படிவத்தை எடுத்து, 'இல்லை'யில் போட்ட கோட்டை அடித்துவிட்டு, 'ஆம்' என்பதில் அழுத்திக் கோடு போட்டாள். ஈரக் கை பட்டு மை கொஞ்சம் கலைந்தது.

"ஆய்வு பண்றவர வியாழக்கிழமை வரச் சொல்றேன். வீடு முழுக்கப் பாக்கட்டும். அவர் வர்றதுக்குள்ள இந்த அஞ்சு வரிசையையும் நீயே பேத்துட்டு மாத்திடு."

"அவர் பாத்தே எழுதட்டும் அண்ணி. செஞ்ச தப்புதானே."

"இது நம்ம வீட்டுத் தப்பு. அவருக்கு என்ன தெரியும்?"

அவன் தலையாட்டினான். குளியலறைக்குள் கால் வைத்து, குனிந்து ஐந்தாவது வரிசையைத் தடவிப் பார்த்தான். சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தான்.

"இப்பவே பேத்துடட்டுமா?"

தண்ணீர் அவளைத் தாண்டிக் கூடத்துக்குள் போய்த் தேங்கியிருந்தது. அவள் படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"கலவை எதுவும் கலந்து வைக்கலையே? வந்து உக்காரு."